வேலிக்குழியும் வடிகானும்: கொந்தராத்துக்கு விடுமுன் கமக்காரர் அறிய வேண்டியவை

அக்கரைப்பற்றுப் பகுதியாருக்கு மண்வேலையும் கொந்தராத்தும் புதியன அல்ல. கல்லோயாவுக்குக் குறுக்கே 1949 ஆம் ஆண்டில் தொடங்கிய பேரணையை அமெரிக்கக் கம்பனியாகிய மொறிசன் நட்சன் கொந்தராத்து எடுத்தே கட்டியது. அவ்வணையால் உருவாகிய சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர் பாயும் வட்டைகளில் வாய்க்கால் வெட்டுவதும், வரம்பு கட்டுவதும், மேட்டுநிலத்துக்கு வேலி அடைப்பதும் ஆண்டுதோறும் நடைபெறும் வேலைகளே.

முன்னாளில் இவ்வேலைகளை வீட்டாரும் அயலாரும் கூடி அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டு செய்தனர். இந்நாளில் உழவு இயந்திரத்திற் பூட்டிய குழி துளைப்பானும் பெக்கோ இயந்திரமும் வந்துவிட்டன. ஒரு கிழமை வேலை ஒரு பகலில் முடிகின்றது. ஆகவே கமக்காரர் பலர் இவ்வேலைகளைக் கொந்தராத்துக்கு விடுகின்றனர். இது நல்லதே. ஆயினும் மண்ணுள் மறையும் வேலையில் ஒரு தனித் தொல்லை உண்டு. சுவரிலே பிழையிருந்தால் கண்ணுக்குத் தெரியும். குழியின் பிழையோ கட்டையை நட்டு மண்ணை இட்டபின் எவர் கண்ணுக்கும் தெரியாது. அது தெரியவரும் நாள், கட்டாக்காலி மாடுகள் வேலியைச் சாய்த்துக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கிய நாளாகவே இருக்கும். ஓரிரவில் ஒரு போகத்துக் கச்சானும் மிளகாயும் போய்விடும். ஆதலால் மூடுமுன் அளந்து பார்த்தலே இவ்வகை வேலைகளுக்கு முதல் விதியாகும். ஏனைய விதிகள் யாவும் இதனைச் சார்ந்தனவே.

நிலத்தின் தன்மையை அறிதல்

கொந்தராத்துக்காரரை அழைக்குமுன் கமக்காரர் தம் நிலத்தின் மண்ணை அறிந்திருத்தல் வேண்டும். கடலை அடுத்துள்ள தரை மணற்றரை. களப்பின் ஓரத்தில் உவர் கலந்த களியும், வயல்வெளியில் கனத்த களியும் உள்ளன. மேற்கே மேட்டுநிலங்களிற் சரளை கலந்த மண் காணப்படும். ஒவ்வொன்றும் வெவ்வேறு வகையில் வேலையைக் கடினமாக்கும்.

உலர்ந்த மணலிற் குழி நிற்காது. துளைப்பானை வெளியே எடுத்தவுடன் பக்கங்கள் சரிந்து குழி தூர்ந்துவிடும். இரண்டடி துளைத்த குழி, கட்டை நடும் வேளையில் ஒன்றேகால் அடியாகி நிற்பது இதனாலேயே. இதற்கு மாற்று, குழி வரும் இடங்களில் முதல்நாள் மாலை தாராளமாக நீர் ஊற்றி வைத்தலும், துளைத்த கையோடு கட்டையை நடுதலுமாகும். குழிகளையெல்லாம் இன்று துளைத்துக் கட்டைகளை நாளை நடுவோம் என்று மணற்றரையில் எண்ணுதல் வீண்.

களிமண்ணின் குணம் இதற்கு எதிரானது. ஆவணியிற் காய்ந்த களி கல்லை ஒக்கும். மாரியில் நனைந்த களி துளைப்பானை இறுகப் பற்றிக்கொள்ளும். சிறுபோக அறுவடை முடிந்து, பெருமழை தொடங்குமுன் ஓரிரு சிறுமழை பெய்து, மண் கையிற் பிடித்தால் உருண்டை ஆகும் பதத்தில் உள்ள நாட்களே களிநிலத்துக்கு ஏற்றவை. மாரி பிடித்தபின் கரையோரத்தில் நிலநீர் மேலேறுவதால், குழியிலும் கானிலும் நீர் ஊறி வேலை கெடும்.

தென்னங்கன்றுக்குத் துளைப்பானாற் குழி எடுப்போர் ஒன்றைக் கவனிக்க. ஈரக்களியிற் சுழலும் துளைப்பான் குழியின் பக்கங்களை மெழுகினாற்போல் மழமழப்பாக்கிவிடும். இளவேர் அச்சுவரைத் துளைக்க மாட்டாது குழிக்குள்ளேயே சுற்றும். நடுமுன் அலவாங்கினாற் பக்கங்களைக் கீறிவிடுதல் வேண்டும்.

எல்லையும் நிலத்தடிப் பொருள்களும்

வேலி அடைப்பதற்கு முன் எல்லை தெளிவாக இருத்தல் அவசியம். 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் நிகழ்ந்த கடற்கோளிற் கரையோரத்து வேலிகளும் எல்லை அடையாளங்களும் அழிந்துபோயின. ஐயமுள்ள இடத்தில் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லை குறித்து, அயற்காணிக்காரரையும் உடன்வைத்து முளை அடித்தபின்னரே குழி தொடங்குக. குழி துளைப்பவர் காட்டிய இடத்திலேயே துளைப்பார். எல்லை வழக்குக்கு அவர் பொறுப்பாளி அல்லர்.

நிலத்தின் கீழே குடிநீர்க் குழாய், தொலைபேசிக் கம்பி, மின்கம்பி ஆகியன செல்லுகின்றனவா என்பதை உரிய அலுவலகங்களிற் கேட்டறிதல் வேண்டும். பாசன வாய்க்காலுக்கு அண்மையில் வெட்டுவதாயின் கமநல சேவை நிலையத்துக்கும் உங்கள் கமக்காரர் அமைப்புக்கும் முன்கூட்டியே அறிவிக்க. பொதுவாய்க்காலின் கரையைச் சேதப்படுத்துதல் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வழக்குக்கு இடமாகலாம்.

வேலையைக் கணக்கிடுதல்

கணக்கை அறியாத கமக்காரர் கூலியைப் பேச முடியாது. ஆகவே இரண்டு உதாரணங்கள் ஈண்டுத் தரப்படுகின்றன.

சதுரமான ஓர் ஏக்கர் நிலத்தின் ஒரு பக்கம் ஏறத்தாழ 209 அடி. சுற்றளவு ஏறத்தாழ 835 அடி. எட்டடிக்கு ஒரு கட்டை வீதம் 105 குழிகள் வேண்டும். ஏழடி நீளமுள்ள கட்டைக்கு இரண்டடி ஆழம் தேவை. மூலைக்கட்டைகளும் படலைக்கட்டைகளும் கம்பியின் இழுவையைத் தாங்குவன. அவற்றுக்கு எட்டடிக் கட்டையும் மூன்றடி ஆழமும், சாய்வாக முட்டுக்கொடுத்தலும் வேண்டும். கட்டை நாலங்குலப் பருமனாயின் குழி ஒன்பது அங்குல அகலமாவது இருத்தல் நன்று. அவ்வாறிருந்தாற்றான் கட்டையைச் சுற்றி மண்ணிட்டு இடித்து இறுக்க இடமிருக்கும்.

இரண்டடிக்குப் பதிலாக ஒன்றரை அடி ஆழத்தில் நட்டால் என்ன குறை என்று சிலர் கேட்கின்றனர். தோண்டிய மண்ணின் அளவு கால்வாசியே குறையும். ஆனால் மணற்றரையிற் கட்டையின் பிடிமானம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஏனெனில் ஆழம் கூடக்கூட மண்ணின் தாங்குதிறன் பன்மடங்காகக் கூடுகின்றது. நிலத்துக்கு மேலே நிற்கும் நெம்புகோலின் நீளமும் குறைகின்றது. மாடு தன் கழுத்தை உரசும் இடம் கட்டையின் தலையே என்பதை நினைவிற் கொள்க. அரையடி ஆழத்தை இழந்தவர் அரை வேலியை இழந்தவராவார்.

இனி வடிகானின் கணக்கு. மேலே இரண்டடி அகலமும், அடியில் ஓரடி அகலமும், இரண்டடி ஆழமும், 300 அடி நீளமும் உள்ள ஒரு கானை எடுத்துக்கொள்வோம். சராசரி அகலம் ஒன்றரை அடி. ஒன்றரையை இரண்டாலும் 300 ஆலும் பெருக்க 900 கன அடி வரும். நூறு கன அடி ஒரு கியூப் ஆதலால் இது 9 கியூப் வேலை. அதே கான் ஒன்றரை அடி ஆழத்தோடு நின்றுவிட்டால் 675 கன அடி, அதாவது ஆறேமுக்கால் கியூப் மட்டுமே. மேலிருந்து பார்க்க இரண்டும் ஒரே கானாகத் தோன்றும். கூலியோ இரண்டேகால் கியூப் கூடுதலாகப் போயிருக்கும்.

வெட்டிப்போட்ட மண்குவியலை அளந்து கூலி கொடுத்தலும் தவறு. வெட்டிய மண் பொருமும். நிலத்தில் நான்கு கூடை கொண்ட மண் வெளியே ஏறத்தாழ ஐந்து கூடையாகும். ஆகவே கானையே அளக்க வேண்டும். கூலி குவியலுக்கன்று, கானுக்கே என்பதை முதலிலேயே கூறிவிடுக.

கூலிமுறைகள் மூன்று

நாட்கூலி, எண்ணிக்கைக் கூலி, மொத்தக் கூலி எனக் கூலிமுறைகள் மூன்று வகைப்படும். நாட்கூலியில் வேலை பதமாக நடக்கும். ஆனால் நாட்கள் நீளும். மொத்தக் கூலியில் நாட்கள் சுருங்கும்; ஆனால் எது வேலையில் அடங்கும், எது அடங்காது என்பதிற் பிணக்கு எழும். குழி ஒன்றுக்கு இவ்வளவு, கியூப் ஒன்றுக்கு இவ்வளவு என்னும் எண்ணிக்கைக் கூலியே குழிக்கும் கானுக்கும் ஏற்றது. ஆயினும் இம்முறையில் ஆழம் குறையும் ஆசை இயல்பாகவே தோன்றும். இது கொந்தராத்துக்காரரின் குணக்கேடு அன்று. அளவுகோல் இல்லாத கூலிமுறையின் விளைவு. ஆகவே எண்ணிக்கைக் கூலியோடு அளவுகோலையும் சேர்த்தே பேசுதல் வேண்டும்.

வேலையை ஒப்படைக்குமுன் இருவரையாவது அழைத்து நிலத்தைக் காட்டி விலை கேட்க. இருவருக்கும் ஒரே அளவையே கூறுக. ஒருவருக்கு இரண்டடி என்றும் மற்றவருக்கு வாய்ப்பேச்சாக "வழமைபோல" என்றும் கூறினால் விலைகளை ஒப்பிடுதல் இயலாது. அவர்கள் முன்னர் அடைத்த வேலி ஒன்றை ஒரு மாரி கழிந்தபின் சென்று பார்ப்பது நூறு சொற்களிலும் மேலான சான்றாகும்.

எழுத்தில் இருக்க வேண்டியவை

அறிந்தவர், உறவினர் என்பதற்காக எழுத்தை விடுதல் கூடாது. எழுதிய தாள் உறவைக் கெடுப்பதில்லை. அது உறவைக் காக்கும். ஒரே தாளில் இரு பிரதி எழுதி இருவரும் கையொப்பமிட்டால் போதும். அதில் அடங்க வேண்டியவை:

1. குழிகளின் எண்ணிக்கை, ஆழம், அகலம், இடைத்தூரம். மூலைக்குழிகளுக்குத் தனி அளவு.
2. கானின் நீளம், மேலகலம், அடியகலம், ஆழம், நீர் ஓடவேண்டிய திசை.
3. குழி ஒன்றுக்கும் கியூப் ஒன்றுக்கும் உரிய கூலி. எரிபொருள், இயந்திரத்தை ஏற்றி இறக்கும் செலவு ஆகியன அதில் அடங்குமா என்பது.
4. கல்லோ பெருவேரோ குறுக்கிட்டால் என்ன செய்வது, கூடுதற் கூலி எவ்வளவு என்பது.
5. கட்டை நட்டு இடித்து இறுக்குதல் யார் பொறுப்பு என்பது.
6. வெட்டிய மண் எங்கே போடப்படும் என்பது.
7. தொடங்கும் நாளும் முடியும் நாளும்; மழை குறுக்கிட்டால் செய்ய வேண்டியது.
8. பணம் கொடுக்கும் தவணைகள்.

நான்காவது விதியை மறவற்க. கல்லிற் பட்டுத் துளைப்பான் நின்றவிடத்து, குழியை ஆழமாக்குவதற்குப் பதிலாகக் கட்டையின் அடியை வெட்டிவிடுவதே எளிய வழி. வெட்டிய கட்டையும் வெட்டாத கட்டையும் நட்டபின் ஒரே உயரமாக நிற்கும். இதற்கெனவே கட்டைகளின் அடி இரண்டடிக்குத் தார் பூசிவைப்பது நன்று. தார் கறையானையும் ஓரளவு தடுக்கும். வெட்டப்பட்ட அடியையும் காட்டிக்கொடுக்கும்.

ஆறாவது விதியும் இப்பகுதிக்குச் சிறப்பாக உரியது. "மணலை நாங்கள் கொண்டுபோகிறோம், கூலியிற் குறைத்துக்கொள்கிறோம்" என்ற பேச்சு எழுவதுண்டு. மணல் அகழ்ந்து விற்பதும் ஏற்றிச் செல்வதும் 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்திற் கேட்டறியாமல் இதற்கு உடன்படுதல் ஆகாது. மேலும், மேல்மண்ணே பயிரின் உணவு. கான் வெட்டும்போது மேல் அரையடி மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் போடுவித்து, மேல்மண்ணைத் திரும்பத் தோட்டத்திற் பரப்புதல் வேண்டும்.

மூடுமுன் அளத்தல்

இதற்கு வேண்டிய கருவி ஒரு தடியே. நேரான தடி ஒன்றைச் சரியாக இரண்டடிக்கு வெட்டி, அதன் தலையிற் குறுக்காக ஓரடிப் பலகைத் துண்டொன்றை ஆணியால் அறைக. தடியைக் குழியில் விட்டால் குறுக்குப் பலகை இருபுறமும் நிலத்திற் படிய வேண்டும். படியாது மேலே நின்றால் குழி ஆழம் போதாது. சிறுபிள்ளையும் இதனைச் செய்யலாம். கொந்தராத்துக்காரரிடமும் இத்தகைய தடி ஒன்றை முதல்நாளே கொடுத்துவிடுக. தம் கையிலேயே அளவுகோல் உள்ளவர் ஆழத்தைக் குறைக்க எண்ணார்.

வேலி அடைக்கும் நாளிற் பின்வருமாறு ஓர் உரையாடல் நிகழ்வதாக வைத்துக்கொள்வோம்.

"காக்கா, நீங்க நிழல்ல இருங்க. குழியெல்லாம் சரியா வரும், நான் பாக்குறன்."

"நீங்க பாப்பீங்க தம்பி, எனக்குத் தெரியும். எண்டாலும் மூடுறதுக்கு முதல் இந்தத் தடியை ஒருக்கா விட்டுப் பாப்பம். சரியா இருந்தா அந்தியிலயே காசைத் தாறன்."

இவ்வளவே வேண்டியது. இதிற் சந்தேகமும் இல்லை, சண்டையும் இல்லை. நல்ல வேலைகாரருக்கு அளவு பார்க்கும் உரிமையாளர் பாரமாகார். தம் வேலை நல்லது என்பதற்கு அவரே சாட்சியாவார்.

முதற் குழியை இருவரும் நின்று துளைத்து, அளந்து, கட்டை நட்டு, இடித்து இறுக்கி, அதனை மாதிரியாக வைத்துக்கொள்க. ஏனைய குழிகள் அதனை ஒத்திருத்தல் வேண்டும். மண்ணை ஒரேயடியாகக் கொட்டாமல் அரையடிக்கு அரையடியாக இட்டு, அலவாங்கின் தடித்த தலையால் இடித்து இறுக்குக. நட்டு முடிந்த கட்டையை இரு கைகளாலும் தள்ளிப் பார்க்க அசையலாகாது.

கானைப் பொறுத்தவரை, ஆழத்தோடு ஓட்டமும் பார்க்கப்பட வேண்டும். நூறு அடிக்கு இரண்டங்குலச் சரிவு இருந்தால் நீர் மெல்ல ஓடும். ஒளி ஊடுருவும் நீண்ட குழாயில் நீர் நிரப்பி, இரு முனைகளிலும் நீர்மட்டத்தைக் குறித்து, அங்கிருந்து கானின் அடிவரை அளந்தால் சரிவு தெரிந்துவிடும். மழை வந்து காட்டும்வரை காத்திருத்தல் அறிவுடைமை அன்று.

உயிருக்குக் காவல்

இதுவரை கூறியன பொருளைக் காப்பன. இனிக் கூறுவது உயிரைக் காப்பது.

ஈரமணல் ஒரு கன அடி ஏறத்தாழ 120 இறாத்தல் நிறையுடையது. ஒரு கியூப் மணல் ஐந்து தொன்னுக்கு மேற்படும். ஆழ்ந்த கானின் பக்கம் சரிந்தால் உள்ளே நிற்பவர் மார்பளவு புதையுண்டாலும் மூச்சுவிட இயலாது இறப்பார், முழுதும் மூடவேண்டியதில்லை. மணற்றரையிற் செங்குத்தான பக்கம் எவ்வித அறிகுறியும் காட்டாமற் சரியும். ஆதலால் நாலடிக்கு மேற்பட்ட ஆழத்திற் பக்கங்களைச் சாய்வாக வெட்டாமலும் பலகை முட்டுக்கொடாமலும் ஒருவரையும் இறக்குதல் கூடாது. தளர்மணலிலும் நீர் ஊறும் இடத்திலும் அதற்குக் குறைந்த ஆழமும் ஆபத்தே. வெட்டிய மண்ணைக் கானின் விளிம்பிலிருந்து இரண்டடிக்கு அப்பாற் போடுவிக்க. ஆள் உள்ளே நிற்கையிற் பெக்கோ இயந்திரத்தை விளிம்புக்கு அண்மையில் நிறுத்தலாகாது. இரவில் திறந்துகிடக்கும் குழிகளைப் பலகையால் மூடுக. ஊர்ப்பிள்ளைகள் அவ்வழியே ஓடுவர்.

குழி துளைப்பானின் ஆபத்து வேறுவகையானது. உழவு இயந்திரத்தின் பின்புறச் சுழற்றண்டு நிமிடத்துக்கு 540 முறை, அதாவது நொடிக்கு ஒன்பது முறை சுழல்வது. சாரனின் ஓரமோ சால்வையின் நுனியோ அதிற் பட்டால் "நிறுத்து" என்று கூவுமுன் ஆளைச் சுற்றி இழுத்துவிடும். சுழற்றண்டுக்கு மூடி இல்லாத இயந்திரத்தை நிலத்தில் அனுமதியாதீர். சாரன் கட்டியவர் அருகே நிற்கவேண்டாம். துளைப்பானைக் காலால் மிதித்து அமுக்கவும் வேண்டாம். சிக்கிய வேரையும் கல்லையும் இயந்திரத்தை முற்றாக நிறுத்திய பின்னரே அகற்றுக.

வேலையிற் காயமடைந்தவருக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் நட்டஈடு வழங்க 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வகைசெய்கின்றது. கொந்தராத்துக்காரர் தம் ஆட்களுக்குக் காப்புறுதி எடுத்துள்ளாரா என்று வினவுதல் வேண்டும். கொந்தராத்துக்கு விட்டுவிட்டோம், இனி நமக்கென்ன என்று இருப்பது சட்டத்துக்கும் பொருந்தாது, மனச்சாட்சிக்கும் பொருந்தாது.

கணக்குத் தீர்த்தல்

முற்பணமாக ஐந்தில் ஒரு பங்கு போதும். ஒவ்வொரு நாளும் அந்தியில் அளந்து ஏற்றுக்கொண்ட குழிகளையும் கானின் நீளத்தையும் ஒரு கொப்பியிற் குறித்து இருவரும் கையொப்பமிடுக. அவற்றுக்குரிய பணத்தை அன்றே கொடுக்க. மொத்தத்திற் பத்தில் ஒரு பங்கை முதற் பெருமழை வரை நிறுத்திவைக்கும் ஏற்பாட்டை உடன்படிக்கையிலேயே எழுதிக்கொள்ளலாம். மழைக்குப்பின் சாய்ந்த கட்டையை நிமிர்த்தி, தூர்ந்த கானைத் திருத்தித் தந்ததும் அப்பணத்தைத் தாமதியாது கொடுத்தல் வேண்டும். ஏற்றுக்கொண்ட வேலைக்குப் பணத்தை இழுத்தடித்தல், குறைந்த ஆழத்துக்கு முழுப்பணம் கேட்பதற்கு ஒப்பான பிழையே.

முடிவாக, கொந்தராத்துக்காரரிடம் கமக்காரர் விலைக்கு வாங்குவது குழியை அன்று, ஆழத்தையே. ஆழம் மண்ணுள் மறையுமுன் ஒருமுறை அளந்து பார்க்க அரைநாளும் செல்லாது. அந்த அரைநாள் ஒரு போகத்து உழைப்பையும், சில வேளை ஓர் உயிரையும் காக்கும். வேலி அடைக்கவும் வடிகான் வெட்டவும் எண்ணியுள்ள கமக்காரர்கள், மண்ணின் தன்மை, அளவு, ஏற்ற பருவம் ஆகியன பற்றித் தத்தம் பிரதேச விவசாயப் போதனாசிரியரை முன்கூட்டியே கண்டு ஆலோசனை பெறுவார்களாக.